யாரும் பார்க்காத பிபி 120/80

கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. எங்களுக்கு ஊர் திருப்பாதிரிப்புலியூர். பெரிய வைத்தியம் என்றால் இந்தப் பக்கத்து ஜனம் பாண்டிக்குத்தானே பஸ் ஏறும், நாங்களும் அப்படித்தான். தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ஆபரேஷனில் ஒரு குறை சொல்ல மாட்டேன், அந்தம்மா கைக்கு இன்றைக்கும் கும்பிடுதான். நான் சொல்ல வந்தது அன்றைக்கு ராத்திரி வார்டில் பட்ட பாடு.

முதுகில் போட்ட ஊசியின் மரப்பு விட்டதும் வலி கிளம்பியது. கட்டிலோரம் இருந்த பெல்லை அமுக்கினால் சத்தமே இல்லை. துணைக்கு வந்த தங்கச்சிதான் நர்ஸ் மேஜைக்கு நடையாய் நடந்தாள். "எழுதியிருக்கிற டைமுக்குத்தான் ஊசி போட முடியும்" என்றார்கள். நியாயம்தான். ஆனால் பத்து மணிக்கு எழுதியிருந்த ஊசி வந்தது பன்னிரண்டே முக்காலுக்கு.

இடது கையில் குளுக்கோஸ் ஏற்ற வென்ஃப்ளான் என்கிற சின்னக் குழாய் குத்திய இடம் கொழுக்கட்டை மாதிரி புடைத்துக்கொண்டது. குளுக்கோஸ் இறங்க இறங்க எரிச்சல். "கைய ஆட்டியிருப்பீங்க ஆன்ட்டி" என்று மேலே இன்னொரு பிளாஸ்டரை இறுக்கி ஒட்டிவிட்டுப் போனது அந்த நர்ஸ் பொண்ணு. அந்தக் குழாய் ரத்தக்குழாயை விட்டு நழுவி தண்ணீரெல்லாம் சதைக்குள் இறங்கியிருக்கிறது. காலையில் டாக்டரம்மா போட்ட சத்தத்தில்தான் அது எங்களுக்கே தெரிந்தது.

யூரின் பை நிரம்பித் தரையில் கிடந்தது. அதைப் பார்த்தது ஆயாம்மாதான். காலி பண்ணிக் கட்டிலின் அடிக்கம்பியில் மாட்டிவிட்டு, "தரையில படக்கூடாதும்மா, கிருமி ஏறிடும்" என்று சொல்லிப் போனார். அந்த ராத்திரி என்னை நோயாளியாக மதித்த ஒரே ஆள்.

இதையெல்லாம்கூட மறந்துவிடுவேன். விடிகாலை ஐந்தரை மணிக்கு அந்தப் பொண்ணு வந்து கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் போய், மேஜையில் உட்கார்ந்து எழுதி, திரும்பக் கொண்டுவந்து மாட்டினாள். தங்கச்சி எட்டிப் பார்த்தாள். பத்து மணி, 120/80. இரண்டு மணி, 120/80. ஆறு மணி, 120/80. மணி ஆறு இன்னும் ஆகவே இல்லை! ஏழு வருஷமாகப் பிபி மாத்திரை போடுகிறேன், 140-க்குக் கீழே இறங்கிப் பார்த்ததில்லை. ராத்திரி பூராவும் கண் விழித்துத்தான் கிடந்தேன், என் கையில் யாரும் பிபி பார்க்கிற பட்டையைச் சுற்றவில்லை.

கேட்டதற்கு, "ரவுண்ட்ஸுக்கு முன்னாடி எழுதி வைக்கலன்னா எங்களைத் திட்டுவாங்க ஆன்ட்டி" என்றாள். இருபது, இருபத்தொரு வயசு இருக்கும். அதற்கு மேல் கோபப்பட வரவில்லை எனக்கு.

*

செம்மண்டலத்திலிருந்து: எங்கப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், வேற ஆஸ்பத்திரி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும்னு யாரும் சொல்லல, திருப்பவும் இல்ல. நாலாம் நாள் முதுகுக்குக் கீழே படுக்கைப் புண். கால் தேறிடுச்சு, புண்ணு ஆற மூணு மாசம். அவங்க அட்டையிலும் "பொசிஷன் மாத்தியாச்சு"ன்னு டிக் இருந்துச்சுங்க.

*

அரியாங்குப்பத்திலிருந்து, நானும் நர்ஸ்தான்: பொது வார்டுல அஞ்சு பேஷன்ட்டுக்கு ஒரு நர்ஸ்னு நர்சிங் கவுன்சில் கணக்கு. நைட் டியூட்டியில நான் ஒருத்தியா இருபத்திரண்டு பேரைப் பார்த்திருக்கேன். ஊசி லேட்டாகும், பெல்லுக்கு ஓட முடியாது, ஒத்துக்கிறேன். ஆனா அக்கா, பார்க்காத பிபியை எழுதுறதுக்கு மட்டும் நான் பரிஞ்சு பேச மாட்டேன். வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சா முதல்ல பல்ஸ் ஏறும், அப்புறம்தான் பிபி இறங்கும். அதைப் பிடிக்கத்தான் அந்த அட்டையே. நேரமில்லன்னா கட்டத்தைக் காலியா விடணும். காலியா இருந்தா டாக்டராவது கேட்பாங்க. உங்க ரெக்கார்டு காப்பி கேட்டு வாங்குங்க, கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள தரணும்னு 2002 மருத்துவக் கவுன்சில் விதியே இருக்கு.

*

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மறுபடியும்: நன்றிம்மா. எழுதிக் கொடுத்தோம். "எதுக்கு, கேஸ் போடப் போறீங்களா"ன்னு ரெண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாம் நாள் கொடுத்தார்கள். எங்க வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்த ஆறு மணி 120/80-க்குப் பக்கத்தில் இப்போது சீனியர் நர்ஸ் கையெழுத்தும் இருக்கிறது.