ஓதம் ஏறும்போது மூடிக்கொள்ளும் கதவுகள்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

ஆறு கடலோடு சேரும் கழிமுகங்களின் குறுக்கே கட்டப்படும் கதவணைகளை, அதாவது திறந்து மூடும் கதவுகள் கொண்ட அணைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், எவ்வளவு உப்புநீர் தடுக்கப்பட்டது, எவ்வளவு நிலம் காப்பாற்றப்பட்டது என்றே கணக்குப் பார்க்கிறோம். மீன்களைப் பொறுத்தவரை, அக்கதவு எந்த நேரத்தில் திறக்கிறது என்பதே முதல் கேள்வி. அதைப் பற்றியே இம்மடலில் எழுதுகிறேன்.

தடையில்லாத கழிமுகத்தில் கடல்நீரும் ஆற்றுநீரும் நெடுந்தூரத்துக்கு மெல்ல மெல்லக் கலக்கின்றன. கடலில் பிறந்த மடவைக் குஞ்சுகள் அந்த உவர்நீருக்குள் வந்து வளர்கின்றன. ஆற்றில் வாழும் பெரிய நன்னீர் இறாலோ, தன் குஞ்சுகள் பிழைப்பதற்காக அதே உவர்நீரை நாடிக் கீழே இறங்குகிறது. குறுக்கே கதவணை எழுந்ததும் ஒருபுறம் நன்னீரும் மறுபுறம் உப்புநீருமாகப் பிரிந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட நீர் பெருமளவு இல்லாமற்போகிறது.

விலாங்குக் குஞ்சின் நிலைமை இன்னும் கடினமானது. கடலிலிருந்து வந்து சேரும்போது அது விரல் நீளமே இருக்கும். உடல் கண்ணாடி போன்றிருப்பதால் கரிய கண்களும் முதுகெலும்புக் கோடும் மட்டுமே நம் பார்வைக்குப் புலப்படும். ஆற்றோட்டத்தை எதிர்த்து நெடுந்தூரம் நீந்த வலுவில்லாத அக்குஞ்சு, ஓதம் ஏறும்போது, அதாவது கடல்மட்டம் உயரும்போது, மேலெழுந்து நீரோடு உள்ளே செல்கிறது. கடல்மட்டம் தாழும் வற்றம் தொடங்கியதும் அடிமண்ணில் ஒண்டிக்கொண்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கிறது. கதவணையோ ஆற்றுநீரை வெளியேற்றுவதற்காக வற்றத்தில் திறந்து, உப்பைத் தடுப்பதற்காக ஏற்றத்தில் மூடிக்கொள்கிறது. குஞ்சால் பயணம் செய்ய இயலும் அந்தச் சில மணி நேரமும் வழி அடைபட்டிருக்கிறது. வழி திறந்திருக்கும் நேரத்திலோ கதவின் அடியில் சீறிவரும் நீர் அதைத் திரும்பக் கடலுக்கே தள்ளிவிடுகிறது. சிறு வாய்க்கால்களின் முகப்பில் தானாகத் திறந்து மூடும் மடிப்புக் கதவுகளும் இதையேதான் செய்கின்றன. அவை கண்ணில் படாதவை என்பதால் யாரும் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மேலே செல்ல முடியாத மீன்கள் கதவணையின் கீழ்ப்புறம் குவிகின்றன. நீர்க்காகங்களும் பெரிய மீன்களும் அங்கே எளிதாக இரை பிடிக்கின்றன. வலை வீசுபவர்களுக்கும் சிறிது காலம் நல்ல பாடு கிடைக்கிறது. அதை மீன்வளம் பெருகியதற்கான அடையாளமாகக் கொள்வது பெரும் பிழை என்றே நான் கருதுகிறேன்.

நெதர்லாந்தில் 32 கிலோமீட்டர் நீளமுள்ள அணையால் 1932-இல் சூய்டர்சே வளைகுடா அடைக்கப்பட்டபோது, அது சில ஆண்டுகளிலேயே நன்னீர் ஏரியாகியது. அங்கே முட்டையிட வந்துகொண்டிருந்த ஹெர்ரிங் மீன்கள் அற்றுப்போயின. கங்கையில் 1975-இல் பராக்கா கதவணை செயற்பாட்டுக்கு வந்தபின், அதுவரை அலகாபாத்துக்கும் அப்பால் ஏறிச்சென்ற உல்லம் மீன் மேற்பகுதியில் மிகவும் அருகிவிட்டது. கேரளத்து வேம்பநாட்டுக் காயலில் உள்ள தண்ணீர்முக்கம் கதவணை, குட்டநாட்டு நெற்பயிரை உப்பிலிருந்து காப்பதற்காகக் கோடையில் மூடப்படுகிறது. நெல் முக்கியம்தான். ஆனால் அந்த மாதங்களில் இறால்களின் போக்குவரத்தும் நின்றுவிடுகிறது. உப்பு படாததால் ஆகாயத்தாமரையும் கட்டின்றிப் பெருகுகிறது.

மீன்கள் அணையைத் தாண்டி ஏறிச்செல்வதற்கான மீன்படிகள் அமைத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். துள்ளி ஏறும் சால்மனை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட படியில் விலாங்குக் குஞ்சு ஏறாது. ஈரமான தூரிகை போன்ற பரப்பு இருந்தால் அது ஊர்ந்தே ஏறிவிடும். எந்த மீனுக்காகக் கட்டுகிறோம் என்று கேட்காமல் கட்டிய படிகள் பல இடங்களில் வீணாகக் கிடக்கின்றன.

நெதர்லாந்தின் ஹாரிங்வ்லீட் கதவணையில் செய்த மாற்றம் எனக்கு உண்மையான நம்பிக்கை தருகிறது. 1970-இல் மூடப்பட்ட அதன் கதவுகளில் சில, 2018 முதல், ஆற்றில் போதிய நீர்வரத்து உள்ளபோது, கடல் ஏற்றத்திலும் சிறிதளவு திறந்து வைக்கப்படுகின்றன. அதற்கு முன்பாகவே, குடிநீரும் பாசன நீரும் எடுக்கும் இடங்களை உப்பு எட்டாத மேற்பகுதிக்கு மாற்றினார்கள். அணையை இடிக்காமலே, கதவு திறக்கும் நேரத்தையும் அளவையும் மாற்றி மீன்களுக்கு வழிவிட்டிருக்கிறார்கள். ஆற்றில் நீர் குறையும் வறண்ட மாதங்களில் மட்டும் அவ்வழி மீண்டும் அடைபடுகிறது.