கமுதியில் அந்த 8,500 பேர் இப்போது எங்கே?

கமுதிக்காரன்:
நேற்று இன்னொரு திரியில் ஒளிவேலன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் எழுதியது இது: "கமுதி சூரிய மின்நிலையம் 8,500 பேருக்கு வேலை கொடுத்தது. ராமநாதபுரத்துக்காரர்கள் பிழைப்புக்கு வெளியூர் போன காலம் முடிந்துவிட்டது. பசுமை மின்சாரமும் இணையமும் இருந்தால் இனி எந்த ஊரும் சென்னைதான்."

ஐயா, அந்த மின்நிலையம் இருக்கும் செங்கப்படைக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். 648 மெகாவாட், 2,500 ஏக்கர், சுமார் 25 லட்சம் பலகைகள், எல்லாவற்றையும் எட்டு மாதத்தில் மாட்டி 2016 செப்டம்பரில் முடித்தார்கள். அந்த 8,500 பேர் அப்போது மாட்டியவர்கள். வேலை முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள், அதில் பாதிக்கு மேல் எங்கள் மாவட்டத்து முகமே இல்லை. பலகையைத் துடைப்பதற்குக்கூட ரோபோ வைத்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பது காவல், புல் வெட்டுவது, கொஞ்சம் டெக்னீஷியன் வேலை. வெளியூர் போவது நின்றுவிட்டதாம்! ஒருநாள் சாயங்காலம் கமுதி பேருந்து நிலையத்தில் வந்து நில்லுங்கள், திருப்பூருக்கும் சென்னைக்கும் பையோடு நிற்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒளிவேலன்:
என் பெயரைப் போட்டே திரி தொடங்கிவிட்டீர்கள், சரி. கட்டுமான வேலை என்றால் வேலை இல்லையா? பாம்பன் பாலம் கட்டியவர்கள் எல்லாரும் இன்றைக்கும் பாலத்தின் மேலேயா உட்கார்ந்திருக்கிறார்கள்? 8,500 பேர் கூலி வாங்கினார்கள், அது உண்மை. நான் இந்தத் துறையில் இருக்கிறவன். கமுதியில் கேபிள் இழுத்த பையன்கள் இன்றைக்கு ராஜஸ்தான் பட்லாவிலும் குஜராத் கவ்டாவிலும் உள்ள சூரிய மின்நிலையங்களில் சூப்பர்வைசராக இருக்கிறார்கள். இந்தத் தொழில் வராவிட்டால் கரிமூட்டம் போட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள்.

கமுதிக்காரன்:
பட்லா எந்தத் தாலுகாவில் இருக்கிறது? கமுதியிலா, முதுகுளத்தூரிலா? வெளியூர் போவது நின்றுவிட்டது என்று நேற்று எழுதினீர்கள், ராஜஸ்தான் போயிருக்கிறார்கள் என்று இன்றைக்கு நீங்களே எழுதுகிறீர்கள். 8,500 பேரில் இன்றைக்குக் கமுதி தாலுகாவில் சம்பளம் வாங்குகிறவர் எத்தனை பேர்? எண்ணைச் சொல்லுங்கள்.

கரிமூட்டத்தை இளக்காரமாகப் பேசாதீர்கள். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி சுட்டுத்தான் எங்கள் பக்கம் எத்தனையோ வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. தரிசு என்று காகிதத்தில் எழுதிவிட்டால் அங்கே யாரும் பிழைக்கவில்லை என்று அர்த்தமா? ஊர் ஊராக மந்தை ஓட்டும் கீதாரிகள் கிடை ஆடு மேய்த்தது அங்கேதான். நிலம் விற்றவருக்காவது ஒருமுறை பணம் வந்தது, சொந்த நிலம் இல்லாமல் கரி சுட்டவனுக்கும் ஆடு மேய்த்தவனுக்கும் கிடைத்தது கம்பிவேலி. முதலில் ஊரை விட்டுப் போனவர்களும் அவர்கள்தான்.

ஒளிவேலன்:
திறமையோடு சூப்பர்வைசராகப் போவதும் சித்தாளாகப் போவதும் ஒன்றா? இதற்கு மட்டும் பதில் வராது.

கொங்குத்தறி:
நடுவில் ஒரு வார்த்தை. தென்மாவட்டத்துக்காரர்கள் எப்போதும் "எங்களுக்கு ஒன்றும் இல்லை" என்றே பேசுகிறீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆயிரம் வருடமாக அடித்தது, யார் அதில் காசு பார்த்தார்கள்? 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் மின்வாரியம் முதல் காற்றாலைகளை நட்டுப் பார்த்தது, அதற்குப் பிறகு துணிந்து பணம் போட்டவர்கள் கோவை, திருப்பூர் மில்காரர்கள். கடன் வாங்கிப் போட்டோம். ஊரை விட்டு வருகிறவர்களுக்குத் திருப்பூரில் வேலை கொடுப்பதும் நாங்கள்தான். கொஞ்சம் நன்றி இருக்கலாம்.

கமுதிக்காரன்:
வாருங்கள், நீங்கள் வரவில்லையே என்று பார்த்தேன். காற்று எங்களுடையது, காற்றாலை உங்களுடையது. அங்கே தயாராகிற யூனிட் வீலிங் என்று மின்வாரியக் கம்பி வழியாக உங்கள் மில்லுக்கு வருகிறது, காற்று சீசனில் மிஞ்சுவதைப் பேங்கிங் என்று வாரியத்தின் கணக்கில் வைத்துப் பிறகு எடுத்துக்கொண்டீர்கள், முதல் வருடமே பெரும்பகுதியைத் தேய்மானம் என்று காட்டி வரியும் மிச்சம் பிடித்தீர்கள். மலிவு மின்சாரத்தில் உங்கள் மில் வளர்ந்தது, மில் வளர்ந்ததால் ஆள் தேவைப்பட்டது, அந்த ஆளாக எங்கள் பிள்ளைகள் வந்தார்கள். காற்றும் எங்கள் பக்கத்திலிருந்து, ஆளும் எங்கள் பக்கத்திலிருந்து. இதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டுமா?

கொங்குத்தறி:
பணம் போட்டவன் லாபம் எடுக்காமல் தர்மம் செய்வானா? உங்கள் கமுதி மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 பைசாவுக்கு வாங்க மின்வாரியம் ஒப்பந்தம் போட்டது, இரண்டே வருடத்தில் 2017 டெண்டரில் சூரிய மின்சாரம் 3 ரூபாய் 47 பைசாவுக்கு வந்துவிட்டது. அந்த வித்தியாசத்தைச் சுமக்கிறவர்களில் கட்டணம் கட்டும் எங்கள் ஊர்த் தறிக்காரனும் ஒருவன். அதைப் பற்றிப் பேச மாட்டீர்கள்.

கமுதிக்காரன்:
"உங்கள் கமுதி மின்சாரம்" என்று யாரைச் சொல்கிறீர்கள்? அந்த 7 ரூபாயில் ஒரு பைசா எங்கள் ஊராட்சிக்கு வந்ததா? ஒளிவேலன் ஐயா, இவர் வந்ததும் நீங்கள் மெதுவாக நழுவுகிறீர்கள். 8,500இல் இன்றைக்கு எத்தனை?

சாரல் தென்காசி:
இந்த எண் சண்டையை விட்டுவிட்டு இணையத்தால் என்ன மாறியது என்று பாருங்கள். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனி 2011இலேயே அலுவலகம் திறந்தது, 2019இல் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே வந்து தங்கிவிட்டார். கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து வேலை தருகிறார்கள். என் சித்தப்பா மகள் சென்னைப் பெருங்களத்தூரில் வாடகைக்கு இருந்தவள், இப்போது வீட்டிலிருந்து வண்டியில் வேலைக்குப் போய் வருகிறாள். ஒரு குடும்பம் திரும்பி வந்திருக்கிறது. குறை சொல்வதற்கென்றே இருக்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

கமுதிக்காரன்:
அக்கா, உங்கள் தங்கை ஊருக்கு வந்ததில் எனக்கு மனதார மகிழ்ச்சி. ஆனால் ஒரு முதலாளிக்குக் குற்றாலம் பக்கம் இருக்கப் பிடித்தது, வந்தார். பிடிக்காமல் இருந்திருந்தால்? ராமநாதபுரத்துக்கு அப்படி யாரும் ஆசைப்பட்டு வரப்போவதில்லை. ஒருவருடைய விருப்பத்தை நம்பியா ஒரு மாவட்டம் இருக்க முடியும்? கரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று எங்கள் ஊருக்கும் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள், சிக்னல் கிடைக்கும் இடம் தேடி ஊருணிக் கரையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தார்கள். அலுவலகத்துக்கு வா என்றதும் போனவர்கள்தான், இப்போது பொங்கலுக்கு மட்டும் வருகிறார்கள்.

சாரல் தென்காசி:
நல்லது நடந்தால் அது தனி ஆள் விருப்பம், கெட்டது நடந்தால் அரசும் கம்பெனியும் சேர்ந்து செய்த சதி. உங்களோடு பேசுவதே வீண்.

வைகைக்கரை:
எல்லாரும் பேசிவிட்டீர்கள், மதுரையை யாராவது நினைத்தீர்களா? ஐடி கம்பெனிகளுக்கான டைடல் பூங்கா சென்னைக்கு 2000இல் வந்தது, கோவைக்கு 2010இல் வந்தது. மதுரைக்கு? 2022இல் அறிவிப்பு, மாட்டுத்தாவணியில் அடிக்கல் 2025இல். நடுவில் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று 2024இல் மினி டைடல் பூங்காக்கள் திறந்தே விட்டார்கள். தென்மாவட்டம் முழுக்க எங்களைத் தாண்டித்தான் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறது, ஆனால் மதுரையில் இறங்குவதற்கு ஒரு வேலை கிடையாது. கோவைக்கு மட்டும் எல்லாம் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள்.

கொங்குத்தறி:
யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. நாங்கள் ஆலை வைத்தோம், கல்லூரி கட்டினோம், அதனால் வந்தது. நீங்கள் இன்னும் கொஞ்சம் போஸ்டர் ஒட்டுங்கள்.

வைகைக்கரை:
போஸ்டர் பற்றிப் பேச வேண்டாம். மதுரையில் ஆலை ஓடிய காலத்தில் உங்கள் ஊர் எப்படி இருந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

பரமக்குடிப் பெண்:
நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் ஆலையில் வேலை செய்கிறேன். டிஜிட்டல் என்று நீங்கள் பேசுகிற சாமான் எங்கள் கையில்தான் தயாராகிறது. என் அறையில் இருப்பவர்கள் தூத்துக்குடி, புதுக்கோட்டை, திருவண்ணாமலைப் பிள்ளைகள். எங்களைப் போன்ற பெண்கள் தங்குவதற்கு வல்லம் வடகாலில் அரசே 18,720 பேருக்கு விடுதி கட்டி 2024இல் திறந்தது. நல்ல கட்டடம், குறை சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்று: இத்தனை ஆயிரம் படுக்கையை அங்கே போட முடிந்தவர்களுக்கு, ஒரு ஆலையைப் பரமக்குடியில் போட ஏன் முடியவில்லை? எங்கள் வீட்டில் நெசவுதான், அப்பாவுக்குக் கண் தெரிவதில்லை. மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கக்கூட லீவு போட யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒளிவேலன்:
விமான நிலையமும் துறைமுகமும் சென்னையில் இருக்கின்றன, அதனால் ஆலையும் அங்கே இருக்கிறது. எளிய விஷயம். கமுதிக்காரருக்கு வருகிறேன். 8,500 என்பது நான் கண்டுபிடித்த எண் இல்லை, திறந்தபோதே எல்லாச் செய்தியிலும் வந்தது. அதை நீங்களும் மறுக்கவில்லை. ஆக, 8,500 பேருக்கு வேலை கிடைத்தது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

கமுதிக்காரன்:
அந்தப் பிள்ளை கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் எண்ணுக்கே வந்துவிட்டீர்கள். துறைமுகம் தூத்துக்குடியில் இல்லையா? அங்கே மின்கார் ஆலை 2025இல் திறந்ததே, அது எப்படி வந்தது? நெல்லை பக்கம் கங்கைகொண்டானில் டாடா சூரியப் பலகை செய்கிறதே, அது எந்த விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது? வர வைக்க நினைத்தால் வரும்.

எட்டு மாதக் கூலியை வேலைவாய்ப்பு என்று கணக்கில் எழுதியதுதான் என் கோபமே. பக்கத்து மாவட்டத்தில் தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1,050 மெகாவாட். அதைச் சுற்றி தெர்மல் நகர், குடியிருப்பு, பள்ளிக்கூடம், டீக்கடை என்று ஒரு ஊரே நின்றது. அதில் பாதிக்கு மேல் வருகிற 648 மெகாவாட் செங்கப்படையில் இருக்கிறது, அதை நம்பிப் புதிதாக எத்தனை டீக்கடை வந்தது? இது ஆள் அதிகம் தேவைப்படாத மின்சாரம். அதை ஒத்துக்கொண்டு பேசினால் மேற்கொண்டு பேசலாம்.

ஒளிவேலன்:
அப்படியென்றால் நிலக்கரியே நல்லது என்கிறீர்களா? நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களைக் கேளுங்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்த நெல்வயலில் பொக்லைனை இறக்கினார்கள். நிலம் கொடுத்த வீட்டுக்கு நிரந்தர வேலை கேட்டு இன்னும் போராடுகிறார்கள். கமுதியில் புகை உண்டா, சாம்பல் உண்டா, ஒரு வீட்டை இடித்தார்களா?

கமுதிக்காரன்:
நிலக்கரி நல்லது என்று எந்த வரியில் எழுதினேன்? காட்டுங்கள். சொல்லாததைச் சொன்னதாகப் பேசுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது, போன மாதம் முண்டு மிளகாய்த் திரியிலும் இதையேதான் செய்தீர்கள். நெய்வேலிக்காரர்களாவது நிரந்தர வேலை கேட்டுப் போராட முடிகிறது. எங்களுக்கு எந்த வேலையைக் கேட்டுப் போராடுவது, ரோபோவின் வேலையையா?

இன்னொன்று. கமுதி மின்நிலையம் திறந்து ஒன்றரை வருடத்துக்குள், 2018 ஜனவரியில், மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பெயர் வைத்தது. தமிழ்நாட்டில் இரண்டே இரண்டு, விருதுநகரும் ராமநாதபுரமும். உலகத்திலேயே ஒரே இடத்தில் இவ்வளவு பெரிய சூரிய மின்நிலையம் இல்லை என்று பெருமை பேசிய அதே மாவட்டம். வெளியூர் போவது முடிந்துவிட்டது என்கிறீர்களே, எந்தக் கணக்கு? 2011க்குப் பிறகு எடுத்து முடித்த மக்கள்தொகைக் கணக்கே கிடையாது.

சாரல் தென்காசி:
சரி, குறையாகவே அடுக்குகிறீர்கள். என்னதான் வேண்டும் என்று ஒரு தடவையாவது சொல்லுங்கள்.

கமுதிக்காரன்:
சொல்கிறேன் அக்கா. பூமியைத் தோண்டி எடுக்கும் கனிமத்துக்கு அந்த மாவட்டத்துக்கென்று ஒரு பங்கு உண்டு, 2015இல் சட்டத்தைத் திருத்தி மாவட்ட கனிம அறக்கட்டளை வைத்தார்கள். வெயிலுக்கும் காற்றுக்கும் அது ஏன் இல்லை? யூனிட்டுக்குச் சில பைசா அந்தந்த ஊராட்சிக்கும் தாலுகாவுக்கும் வரட்டும். நிலத்தைக் கிரயம் வாங்காமல் குத்தகைக்கு எடுக்கட்டும், வருடா வருடம் பணம் வந்தால் ஊரில் ஆள் இருப்பான். இங்கே ஐடிஐயில் சூரியப் பலகைப் பழுதுபார்ப்பு சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கேயே வேலைக்கு எடுக்கட்டும். கேட்பது இவ்வளவுதான்.

கொங்குத்தறி:
யூனிட்டுக்குச் சில பைசா என்பது எங்கள் பில்லில் ஏறும். ஏற்கெனவே கட்டணம் தாங்காமல் தறியை எடைக்குப் போடுகிறோம். உங்கள் ஊர் வாழ எங்கள் ஊர் கட்ட வேண்டுமா?

கமுதிக்காரன்:
முப்பது வருடமாக எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குக் கட்டியதே.

ஒளிவேலன்:
இப்படி வரி கேட்டால் கம்பெனி எல்லாம் ராஜஸ்தானுக்குப் போய்விடும், அப்புறம் அந்த 8,500கூட வராது.

கமுதிக்காரன்:
வராத 8,500க்கா பயமுறுத்துகிறீர்கள்? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், இன்றைக்கு எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு ராஜஸ்தானைப் பற்றிப் பேசுங்கள்.

ஒளிவேலன்:
திறமையோடு போவதும் கூலியாகப் போவதும் ஒன்றா என்று நான் முதலில் கேட்டேன். அதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள், பிறகு நான் சொல்கிறேன்.

வைகைக்கரை:
மாட்டுத்தாவணி டைடல் எப்போது திறக்கும் என்று யாருக்காவது தெரியுமா? அதைப் பற்றி இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கமுதிக்காரன்:
அண்ணே, அதற்குத் தனித் திரி தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே ஒளிவேலன் ஐயா எண்ணைச் சொல்லாமல் நான் நகர்வதாக இல்லை.