நகர வெள்ளம் பற்றிய ஆய்வேடு: எந்தத் தலைப்பை எடுப்பது?

கேள்வி: நீர்வளப் பொறியியல் முதுநிலை மாணவன்

வணக்கம். நகர வெள்ளம் குறித்து ஆய்வேடு எழுத வேண்டும், களம் சென்னை. பெய்த மழையை எவ்வளவு விரைவாகக் கடலில் சேர்ப்பது என்று பழைய கட்டுரைகள் கணக்கிட்டிருக்க, விழுந்த இடத்திலேயே அதை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்கலாம் என்றே அண்மைக் கட்டுரைகளில் பெரும்பாலானவை கேட்கின்றன. மழைநீரை நகரமே பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாறு பூங்கா, குளம் போன்றவற்றை அமைக்கும், சீனா 2015இல் 16 நகரங்களில் தொடங்கிய பஞ்சு நகரத் திட்டத்தை எடுக்கலாமா, தரவுகளிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் எந்திரக் கற்றலைக் கொண்டு வெள்ளத்தை முன்கணிப்பதை எடுக்கலாமா என்று தடுமாறுகிறேன்.

மறுமொழி 1: நீரியல் ஆய்வாளர்

பஞ்சு நகரத்தை எடுப்பதானால் அதன் வரம்பிலிருந்து தொடங்குங்கள். அத்திட்டத்துக்காகச் செலவிட்ட சீனாவின் செங்சௌ நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை கொட்டியது, அதை எந்தப் பூங்காவாலும் உறிஞ்ச முடியவில்லை. சென்னையின் நிலை இன்னும் சிக்கலானது. வடகிழக்குப் பருவமழையின் பெருமழை கார்த்திகையில் வரும்போது மண் முன்பே ஊறிப்போயிருக்கும், தாழ்வான பகுதிகளில் கிணற்று நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்திருக்கும். 2011 ஜூலையில் மூழ்கிய கோபன்ஹேகன், நூறாண்டுக்கொரு முறை வரக்கூடிய மழையிலும் தெருவில் 10 செ.மீ.க்கு மேல் நீர் நிற்கக் கூடாது என்று இலக்கு வைத்து, சில சாலைகளையே கால்வாயாக வடிவமைத்தது. எனக்கு அந்த வழியே பயனுள்ளதாகத் தோன்றுகிறது.

மறுமொழி 2: வடிகால் அளவைப் பொறியாளர்

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் குறை வெள்ளத்தைக் கணக்கிடும் கணினி மாதிரிகளில் இல்லை, அவற்றுக்குள் நாம் இடும் எண்களில் இருக்கிறது. ஒரு தெருவில் மூடியைத் திறந்து கம்பியை இறக்கினோம், வரைபடத்தில் 1.2 மீட்டர் ஆழமென்று இருந்த வடிகாலில் அரை மீட்டருக்கும் மேல் வண்டல், அதற்கு மேல் ஏதோ ஒரு வீட்டின் கழிவுநீர்க் குழாய் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. மழைநீர் வடிகால்களில் ஓடுவதைக் கணக்கிடும் எஸ்.டபிள்யூ.எம்.எம். (SWMM) போன்ற மென்பொருளில் வரைபடத்தின் ஆழத்தை அப்படியே கொடுத்துவிட்டு, அதன் விடையைக் கொண்டு எந்திரத்துக்குக் கற்பித்தால், அது துப்புரவான வடிகால்கள் உள்ள, எங்குமே இல்லாத ஒரு சென்னையைத்தான் கற்றுக்கொள்ளும். அதோடு முகத்துவாரத்தில் கடல் மட்டத்தை மாறாத எண்ணாக வைத்துவிடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கடல் உயர்ந்து நின்றதால், ஆறுகளும் கால்வாய்களும் கொண்டுவந்த நீரை அது உள்வாங்கவில்லை.

மறுமொழி 3: வேளச்சேரிவாசி

நான் பொறியாளன் அல்லன். எங்கள் பகுதி நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர வேண்டும். 2015 வெள்ளத்தின் கறை எங்கள் முன்சுவரில் மின் மீட்டர் பெட்டிக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. 2023இன் கறை அதற்கு நான்கு விரல் தாழ்வு. ஆனால் முதல் முறை இரண்டு நாளில் வடிந்த நீர், இரண்டாம் முறை நான்கு நாள் நின்றது. வண்டலா, கடலா, சதுப்புநிலம் சுருங்கியதா என்பதை யாராவது பிரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்

ஐயா, அந்தக் கேள்வியையே தலைப்பாக எடுத்துக்கொள்கிறேன். வண்டல் அளவையும் கடல் மட்டத்தையும் தனித்தனியே மாற்றி மாதிரியை ஓட்டி, நீர் வடிய ஆகும் நேரத்தை ஒப்பிடுவேன். சரிபார்ப்புக்கு அந்த இரு கறைகளின் உயரத்தையும் மட்டக்கருவியால் அளக்க அனுமதிப்பீர்களா?

வேளச்சேரிவாசி

தாராளமாக வாருங்கள். தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க இருந்தோம். அந்தச் சுவரை மட்டும் விட்டுவைக்கச் சொல்கிறேன்.