ஜோ ஸாவினுல்: மெட்டு கட்டியவரா, டேப்பில் பிடித்து வைத்தவரா?

கீழ்த்தந்தி:
ஜோ ஸாவினுல் வாசித்த வெதர் ரிப்போர்ட் ஜாஸ் குழுவின் தட்டுகளை, 1971இல் வந்த முதல் தட்டிலிருந்து 1986இல் வந்த கடைசித் தட்டு வரை, வரிசையாகக் கேட்டு முடித்தேன். ஜோ ஸாவினுல் பெரிய கீபோர்டு கலைஞர். சிந்தசைசரிலிருந்து அவர் கொண்டுவந்த ஒலியில் ஒரு மனிதக் குரல் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரை, ஜாஸும் ராக்கும் கலந்த ஃப்யூஷனின் தலைசிறந்த இசையமைப்பாளர் என்று எல்லோரும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் வேலை செய்த விதம் தெரிந்ததுதான். வீட்டில் டேப்பை ஓடவிட்டு மனம் போன போக்கில் வாசிப்பார். பிறகு அதைக் கேட்டு, சுரம் சுரமாகத் தாளில் எழுதிக் குழுவிடம் கொடுப்பார். இதில் கட்டுமானம் எங்கே இருக்கிறது? ஒரு பாஸ் வரி (அடியில் ஓடும் தாழ்ந்த சுர வரி) திரும்பத் திரும்ப ஓடும், மேலே துண்டு துண்டாக மெட்டு வந்து போகும், ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டில்) பத்து நிமிடம் நிற்கும். பக்கத்தில் ஜாஸ் பியானோ கலைஞர் சிக் கோரியாவின் 'ஸ்பெயின்' (1972) வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கார்டும் அடுத்த கார்டைக் கேட்டு வாங்குகிறது. ஒருவர் தனியாக வாசிக்கும் சோலோ முடிந்து மெட்டுக்குத் திரும்பும்போது வீட்டுக்கு வந்த உணர்வு வருகிறது. இயற்றுவது என்றால் எனக்கு அதுதான்.

வெள்ளைக்கட்டை:
வாசித்துக் கண்டுபிடித்தார், அதனால் அது இயற்றியது ஆகாது என்கிறீர்கள். பியானோ முன்னால் உட்கார்ந்து தேடாத இசையமைப்பாளர் எத்தனை பேர்? ஸாவினுல் மற்றவர்களிடமிருந்து வேறுபடுவது அடுத்த கட்டத்தில். பெரும்பாலானவர்கள் வாசித்ததில் ஒரு நல்ல துணுக்கை எடுத்து, எட்டு எட்டு பாராக (தாளச் சுற்றாக) வெட்டி, பாட்டு வடிவத்தில் அடைத்துவிடுவார்கள். இவர் அந்த வெட்டலைச் செய்யவில்லை. ஒரு வாக்கியம் ஐந்தரை பார் ஓடியிருந்தால் ஐந்தரை பாராகவே எழுதினார். குழுவில் இருப்பவர் அதை அப்படியே வாசிக்க வேண்டும். அதனால்தான் அவர் மெட்டுகள் எங்கே மூச்சு விடும் என்று முதல் தடவை கேட்பவரால் ஊகிக்க முடிவதில்லை.

'பூகி வூகி வால்ட்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள், 1973இல் வந்த 'ஸ்வீட்நைட்டர்' தட்டின் முதல் உருப்படி. 13 நிமிடம். நீங்கள் அதில் கேட்பது ஓடிக்கொண்டே இருக்கும் பாஸ் வரி மட்டும் என்றால், மெட்டு அங்கங்கே கால்வாசி, அரைவாசியாகத் தலைகாட்டுவதைத் தவறவிடுகிறீர்கள். முழு மெட்டு கடைசிப் பகுதியில்தான் வருகிறது. ஜாஸில் வழக்கம் என்ன? முதலில் மெட்டு, நடுவில் சோலோக்கள், கடைசியில் மறுபடி மெட்டு. இவர் அதைத் திருப்பிப் போட்டு, மெட்டை நோக்கிப் போகும் பயணத்தையே உருப்படி ஆக்கிவிட்டார். இது தற்செயலாக டேப்பில் விழுகிற விஷயமா?

தாளக்கட்டு:
நான் டிரம்ஸ் வாசிப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 'ஸ்வீட்நைட்டர்' வரை அந்தக் குழுவில் மிரோஸ்லாவ் விட்டூஷ் பாஸ் வாசித்தார். அவரும் ஸாவினுலும் சாக்சபோன் வாசித்த வெய்ன் ஷார்ட்டரும் பேசிக்கொள்கிற மாதிரி இசை. யாரும் சோலோ வாசிப்பதில்லை, எல்லோரும் எப்போதும் சோலோ வாசிக்கிறார்கள் என்பதே அவர்கள் கொள்கை. ஸாவினுலுக்குத் தரையில் ஊன்றி நிற்கும் ஃபங்க் தாளம் வேண்டியிருந்தது. விட்டூஷுக்கு அது ஒத்துவரவில்லை, விலகினார். அல்ஃபான்சோ ஜான்சன் வந்தார். திரும்பத் திரும்ப வரும் பாஸ் வரி என்று கீழ்த்தந்தி குறையாகச் சொல்வதற்காக ஸாவினுல் குழுவையே மாற்றியிருக்கிறார். அவர் இசையில் பாஸ் வரிதான் முதல் மெட்டு. அதை வாசித்துப் பார்த்தால் தெரியும், ஒரு சுரம் தள்ளிப்போனாலும் உருப்படி முழுக்கச் சாய்ந்துவிடும்.

கீழ்த்தந்தி:
தாளக்கட்டு சொல்வதை மதிக்கிறேன். ஆனால் நல்ல பாஸ் வரி எழுதுவதும் பெரிய வடிவத்தைத் தாங்குவதும் இரண்டு தனித் திறமைகள். 'பூகி வூகி வால்ட்ஸ்' கடைசியில் மெட்டைக் கொடுக்கிறது, சரி. அதற்கு முன்னால் உள்ள பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை வெட்டிவிட்டால் யாருக்காவது தெரியுமா? 'ஸ்பெயின்' மெட்டில் நாலு பாரை எடுத்துப் பாருங்கள், உடனே நொண்டும்.

இன்னொன்று. அவருடைய புகழ்பெற்ற உருப்படிகள் பிறர் கைபட்டுத்தான் பெரிதாயின. 'இன் எ சைலன்ட் வே' நல்ல உதாரணம். வியன்னாவுக்குப் போயிருந்தபோது எழுதினார். 1969 பிப்ரவரியில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பதிவுசெய்தபோது கார்டுகளை எல்லாம் தூக்கிவிட்டு, ஒரே அடிச் சுரத்தின் மேல் மெட்டை மட்டும் மிதக்கவிட்டார். அப்புறம் தயாரிப்பாளர் டியோ மசேரோ டேப்பை வெட்டி ஒட்டி, தொடக்கத்தையே முடிவிலும் வைத்தார். உலகம் கொண்டாடும் அந்த வடிவம் மைல்ஸும் மசேரோவும் செய்தது.

டேப்சுருள்:
இந்த இடத்தில்தான் எனக்கும் கீழ்த்தந்திக்கும் முழுக்க முரண்பாடு. ஸாவினுல் தன் பெயரிலேயே 1971இல் வெளியிட்ட தட்டில் அதே உருப்படி கார்டுகளோடு இருக்கிறது. ஹெர்பி ஹேன்காக்கும் அவரும் ஆளுக்கொரு மின்பியானோ வாசிக்கிறார்கள். மைல்ஸ் தூக்கியெறிந்த முன்பகுதி அதில் உண்டு. மெட்டு வருவதற்கு முன் கார்டுகள் மெல்ல நிறம் மாறுகின்றன, எங்கே இறங்கப் போகிறோம் என்று தெரியாமலே இறங்குகிறோம். கார்ட் அடுத்த கார்டைக் கேட்டு வாங்க வேண்டும் என்றீர்களே, அந்த வேலையை அவர் செய்துவைத்திருந்தார். மைல்ஸ் வேண்டாம் என்றார். மைல்ஸின் வடிவம் மகத்தானது, ஆனால் அதைக் காட்டி ஸாவினுலுக்குக் கட்டத் தெரியாது என்று வாதிட முடியாது. கட்டியதைத்தான் பிரித்தார்கள். மைல்ஸ் செய்த மாற்றம் ஸாவினுலுக்குப் பிடிக்கவும் இல்லை.

கட்டுக்கோப்பான பாட்டு வடிவம் அவருக்குக் கைவராத ஒன்றும் அல்ல. சாக்சபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் குழுவில் இருந்தபோது 'மெர்சி, மெர்சி, மெர்சி' எழுதியவர் அவர்தான். 1966இல் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவில் ஆட்களை அழைத்து உட்காரவைத்துப் பதிவுசெய்தார்கள் (தட்டின் உறையில் சிகாகோ கிளப் என்று போட்டிருக்கும்). 1967இல் பில்போர்டு பாப் பட்டியலில் 11ஆம் இடம் வரை போனது. கறுப்பினத் தேவாலயப் பாட்டின் வடிவம், ஒரு பார்கூடக் கூடுதல் இல்லை. 1932இல் வியன்னாவில் பிறந்து, சிறுவயதில் அக்கார்டியன் வாசித்து வளர்ந்த ஒருவர் அதை எழுதினார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அந்த வடிவத்தை நன்றாகக் கற்று, பயன்படுத்தி, பிறகு வேண்டாம் என்று விட்டவர் அவர்.

கீழ்த்தந்தி:
'மெர்சி' என் பக்கத்துக்குத்தான் சாட்சி. அவர் எழுதியதில் மிகச் சிறந்தது அது என்பேன், காரணம் அந்தக் கட்டுக்கோப்பு. விட்டதால் என்ன கிடைத்தது என்பதுதான் என் கேள்வி.

பாஸ்பித்தன்:
அண்ணன்மார்களே, 'பர்ட்லேண்ட்' பேசாமல் இந்த விவாதம் எப்படி நடக்கிறது? 1977, 'ஹெவி வெதர்' தட்டு. அந்தப் பாட்டின் உயிர் குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். முதல் மெட்டைப் பாஸ் கிட்டாரில் ஹார்மானிக்ஸ் உத்தியால் மேலே கொண்டுபோய் வாசிக்கிறாரே, அதை வேறு யாராவது வாசித்திருந்தால் இந்தப் பேர் வந்திருக்குமா? கீழ்த்தந்தி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆட்கள்தான் பாட்டு.

வெள்ளைக்கட்டை:
தம்பி, ஜாக்கோ மேலே நிற்க முடிவதற்குக் காரணம், கீழே பாஸ் வரியை ஸாவினுல் சிந்தசைசரில் வாசிப்பது. பாஸ் கிட்டாருக்கு மெட்டு, கீபோர்டுக்குப் பாஸ். யார் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று யோசித்து எழுதியது அது. அதே தட்டில் 'எ ரிமார்க் யூ மேட்' கேளுங்கள். வெய்ன் ஷார்ட்டரின் டெனர் சாக்சபோனையும் ஜாக்கோவின் பாஸையும் மனதில் வைத்தே எழுதிய மெட்டு. ஒருவர் முடிக்கும் சுரத்திலிருந்து மற்றவர் எடுக்கிறார்.

ஆளைப் பார்த்து எழுதுவது குறை என்றால் ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டனையும் தள்ளிவிட வேண்டியதுதான். எலிங்டன் ஒவ்வொரு வாத்தியக்காரரின் ஒலிக்காகவும் எழுதியவர். ஸாவினுல் அவர் வழியில் வந்தவர் என்று வெளிப்படையாகவே தெரியும்: 1980இல் வந்த 'நைட் பாசேஜ்' தட்டில் எலிங்டனின் 'ராக்கின் இன் ரிதம்' வாசித்திருக்கிறார்கள். மற்றவர் உருப்படிகளை அநேகமாகத் தொடாத குழு அது.

'பர்ட்லேண்ட்' ஆட்களை மட்டும் நம்பி நிற்கிறதா என்பதற்கும் விடை இருக்கிறது. 1978இல் டிரம்பெட் கலைஞர் மேனார்டு ஃபெர்கூசன் பெரிய பித்தளை வாத்தியக் குழுவோடு பதிவுசெய்தார். 1959இல் ஸாவினுல் பாஸ்டன் வந்த சில வாரங்களில் வேலை கொடுத்த அதே ஃபெர்கூசன். 1979இல் மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் குழு ஜான் ஹெண்ட்ரிக்ஸின் வரிகளோடு நான்கு குரல்களில் பாடியது. ஜாக்கோவும் இல்லை, சிந்தசைசர் ஒலியை நம்பியும் இல்லை. நின்றதே!

கீழ்த்தந்தி:
'பர்ட்லேண்ட்' நிற்கிறது, அதை நான் எப்போதும் மறுக்கவில்லை. பகுதி பகுதியாக அடுக்கி, எல்லோரும் முணுமுணுக்கும் பெரிய மெட்டை உள்ளே தள்ளி வைத்து, கடைசியில் அதற்கே திரும்பும் கட்டுமானம் அதில் இருக்கிறது. அதனால்தான் மற்றவர்கள் எடுத்துப் பாட முடிந்தது. 'ஹெவி வெதர்' வந்த அடுத்த வருடமே, 1978இல், 'மிஸ்டர் கான்' தட்டு வந்தது. டவுன்பீட் ஜாஸ் பத்திரிகை ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தது. ஒலிகளின் அடுக்கு இருந்தது, தாங்கும் எலும்பு இல்லை. டேப் முறையின் பலவீனம் அங்கே பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. கை வாசித்துப் பழகியதையே மறுபடி வாசிக்கும், அதையே எழுதினால் பழக்கம்தான் தாளில் வரும்.

டேப்சுருள்:
கை பழகியதையே வாசிக்கும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. 'பிளாக் மார்க்கெட்' (1976) எப்படி வந்தது என்று பாருங்கள். ஆர்ப் 2600 சிந்தசைசரின் கீபோர்டைத் தலைகீழாக வேலை செய்யும்படி மாற்றி வைத்தார். வலது பக்கம் போனால் சுரம் இறங்கும், இடது பக்கம் போனால் ஏறும். விரல் தன் பழைய வழியில் போனாலும் காதுக்கு வருவது புதிய மெட்டு. தன் கையை நம்பாமல் காதை நம்பிய ஆள் அவர். கை போகும் போக்கிலேயே உருப்படி கட்டுபவர் இவ்வளவு தொல்லை எடுத்துக்கொள்ள மாட்டார்.

'மிஸ்டர் கான்' பற்றி: அந்த ஒரு நட்சத்திரம் அநியாயம் என்பது என் கட்சி. 'யங் அண்ட் ஃபைன்' அதே தட்டில்தான் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு எலும்பு இல்லை என்று சொல்லுங்கள்.

தாளக்கட்டு:
'பிளாக் மார்க்கெட்' மெட்டை ஒரு தடவை பியானோவில் வாசித்துப் பாருங்கள் கீழ்த்தந்தி. எளிமையாகத்தான் தெரியும், ஆனால் தாவல்கள் கைக்கு இயல்பாக வராது. அந்த வித்தியாசமான வளைவு எங்கிருந்து வந்தது என்று விரலுக்கு உடனே புரிந்துவிடும்.

கீழ்த்தந்தி:
வாசித்திருக்கிறேன், அழகான மெட்டு. கருவியை மாற்றுவது மெட்டைத் தரும். நான் கேட்பது மெட்டுக்கு மேலான வடிவம். அதற்கு 'பர்ட்லேண்ட்' தவிர வேறு ஒன்றைக் காட்டுங்கள். ஷார்ட்டரும் ஜாக்கோவும் இல்லாமல், நீண்ட உருப்படி ஒன்று நின்றிருக்க வேண்டும்.

வெள்ளைக்கட்டை:
'பிரவுன் ஸ்ட்ரீட்'. 2005இல் வியன்னாவில், பர்ட்லேண்ட் என்று அவரே பெயர் வைத்து நடத்திய கிளப்பில், ஜெர்மனியின் டபிள்யூ டி ஆர் ஒலிபரப்பு நிறுவனத்தின் பிக் பேண்டோடு (பெரிய ஊதுவாத்தியக் குழுவோடு) பதிவான தட்டு. 'பூகி வூகி வால்ட்ஸ்', 'பிளாக் மார்க்கெட்', 'பாடியா', 'இன் எ சைலன்ட் வே' எல்லாம் இருக்கிறது. இசை ஏற்பாடு, அதாவது எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று எழுதியது, வின்ஸ் மெண்டோசா. ஷார்ட்டர் இல்லை, ஜாக்கோ 1987லேயே இறந்துவிட்டார். கீபோர்டில் விட்டு விட்டு ஒலித்த துணுக்குகளை ஊதுகுழல்கள் எடுத்துப் பாடும்போது, அந்தத் துணுக்குகள் ஒன்றுக்கொன்று எப்படிப் பதில் சொல்கின்றன என்று பளிச்சென்று கேட்கிறது. நீங்கள் இரண்டு நிமிடம் வெட்டலாம் என்ற இடத்தையும் அதில் கேளுங்கள்.

கீழ்த்தந்தி:
அந்தத் தட்டு என்னிடம் இருக்கிறது. பிக் பேண்டுக்கு வடிவம் கொடுத்தது மெண்டோசா. ஒரு ஏற்பாட்டாளர் வந்து வெளியே எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது என்றால், மைல்ஸ் விஷயத்தில் நான் சொன்னதுதான் மறுபடியும் நடந்திருக்கிறது.

வெள்ளைக்கட்டை:
மைல்ஸ் எடுத்துவிட்டார். மெண்டோசா எதையும் எடுக்கவில்லை, ஸாவினுல் இரண்டு கையால் வாசித்ததைப் பத்துப் பதினைந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். 1973 பதிவையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டு, வரி வரியாக ஒப்பிடுங்கள். மெண்டோசா புதிதாகச் சேர்த்த மெட்டு என்று எதைச் சொல்வீர்கள் என்று கேட்கக் காத்திருக்கிறேன்.