அரபியரும் செமிட்டியர்தானே, அப்புறம் எப்படி?

கூடல்வாசி:
எபிரேயத்தைப் போலவே அரபும் செமிட்டிக் குடும்பத்து மொழி. அப்படியென்றால் அரபியர் செமிட்டியர். அவர்களையே 'ஆன்ட்டி-செமிட்டிக்', அதாவது யூதரை வெறுப்பவர்கள், என்று திட்டுகிறார்களே, தங்களைத் தாங்களே வெறுக்கிறார்களா என்ன? இதற்கு இதுவரை யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

நெய்தல்:
பதில் 1879-லேயே இருக்கிறது. அந்த ஆண்டு வில்ஹெல்ம் மார் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் பெர்லினில் 'ஆன்ட்டி-செமிட்' என்ற பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கினார். அவர் குறி ஜெர்மனியின் யூதர்கள் மட்டும்தான். மத வெறுப்பு என்றால் யூதர் ஞானஸ்நானம் வாங்கித் தப்பிவிடலாம். இனம் என்று சொல்லிவிட்டால் எங்கே ஓடுவது? அதற்குத்தான் இந்த விஞ்ஞானப் பூச்சு. அரபியர் அவர் கணக்கிலேயே இல்லை.

கூடல்வாசி:
ஓர் அயோக்கியர் தப்பாகப் பெயர் வைத்தால் அதை நாமும் சுமக்க வேண்டுமா? பைபிளில் ஆதியாகமம் 10-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நோவாவின் மகன் சேம், அவன் வம்சத்தில் யொக்தான், யொக்தானின் மகன் ஆசர்மாவேத். ஏமனில் உள்ள ஹள்ரமௌத்தைத்தான் அது குறிக்கிறது என்பார்கள். அரபியர் அங்கேயே இருக்கிறார்களே!

பழஞ்சுவடி:
அந்த அதிகாரத்தை நம்பி இறங்காதீர்கள். கானான் அதில் காமின் மகன். ஆனால் கானானியர் மொழி எபிரேயத்துக்கு நெருங்கிய சொந்தம். ஏலாம் சேமின் மகன். ஏலாமிய மொழியோ செமிட்டிக் குடும்பத்திலேயே சேராது. 1781-ல் ஷ்லோட்சர் என்ற ஜெர்மன் அறிஞர் சேமின் பெயரை எடுத்து இந்த மொழிகளுக்கு 'செமிட்டிக்' என்று வைத்தார். மொழிகளோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. எழுதினான் என்பதற்கு அரபியில் கதப, எபிரேயத்தில் காதவ், மால்ட்டா மொழியில் கிதெப். ஒரே வேர். இப்போது சொல்லுங்கள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் மால்ட்டாக்காரர் செமிட்டியரா?

கூடல்வாசி:
செமிட்டியர் என்றே யாரும் இல்லையென்றால் ஆன்ட்டி-செமிட்டிக்கும் இல்லை. என் கட்சிதான் ஜெயிக்கிறது.

நெய்தல்:
எப்படி ஜெயிக்கும்? இல்லாத இனத்தின் பேரைச் சொல்லி, இருக்கிற மனிதர்களைக் கொன்றார்கள். ரோமா (ஜிப்சி) மக்கள் பேசியது இந்திய-ஆரிய மொழி. 'ஆரியர்' என்று மார்தட்டிய நாஜிகள் அவர்களை விட்டார்களா? அதே ஹிட்லர் 1941 நவம்பரில் அரபியரான ஜெருசலேம் முஃப்தி (முஸ்லிம் மதத் தலைவர்) அல்-ஹுசைனியை பெர்லினில் உட்கார வைத்துப் பேசினார். மொழிக் குடும்பத்தைப் பார்த்தா இதெல்லாம் நடந்தது?

கூடல்வாசி:
சரி, நேராகவே கேட்கிறேன். காசாவில் குண்டு போடாதே என்று சொன்னாலே இந்த முத்திரை குத்துகிறார்களே, அது?

நெய்தல்:
ஒரு அரசைத் திட்டுவது வேறு, யூதர் என்பதற்காக ஒருவரை வெறுப்பது வேறு. எதைச் சொன்னார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நோவாவின் பேரப்பிள்ளைகளை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?

பழஞ்சுவடி:
'யூத வெறுப்பு' என்றே எழுதிவிட்டால் இந்தப் பஞ்சாயத்தே வராது.

கூடல்வாசி:
அப்படி எழுதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இஸ்ரேல் அரசை விமர்சிப்பவர் மேல் அதை ஒட்டினால் மறுபடி சண்டைக்கு வருவேன்.

நெய்தல்:
வாருங்கள். அதற்குத் தனி இழை திறங்கள்.