ரெயிலரிலிருந்து படகை இருவராக ஏரியில் இறக்குவது எப்படி?

கேள்வி: ஸ்காபரோவாசி

வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள சிம்கோ ஏரியில் மீன்பிடிப்பதற்காக 16 அடி அலுமினியப் படகு ஒன்றை, 40 குதிரைவலு மோட்டாருடனும் ரெயிலருடனும் (படகை ஏற்றி வாகனத்தின் பின்னால் இழுக்கும் வண்டி) அண்மையில் வாங்கியிருக்கிறோம். நானும் மனைவியும் படகு செலுத்துவதற்கான அட்டையைப் பெற்றுவிட்டோம். ஆயினும் அந்தப் பரீட்சைக்காகப் படித்தவற்றில், ரெயிலரைப் பின்னோக்கிச் செலுத்திச் சரிவில் இறக்குவதற்கான பயிற்சி எதுவும் இருக்கவில்லை. எங்கள் இருவரில் யார் வாகனத்தில் இருப்பது, யார் கயிற்றைப் பிடிப்பது, எந்தக் கட்டை எந்த இடத்தில் அவிழ்ப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். மனைவிக்கு நீந்தத் தெரியாது என்பதையும் கருத்திற்கொண்டு எழுதுங்கள்.

பதில் 1: கீஸ்விக் வாசகி

வணக்கம் சகோதரரே. எங்கள் வீட்டில் வாகனத்தைச் செலுத்துபவள் நான். படகுடன் இருப்பவர் என் கணவர். ஆணா பெண்ணா என்று பாராமல், பின்னோக்கிச் செலுத்துவதில் பொறுமை உள்ளவர் எவரோ அவரிடமே வாகனத்தைக் கொடுங்கள்.

செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதியைச் சரிவுக்கு வருவதற்கு முன்பே, வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் முடித்துவிட வேண்டும். படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்றும் துளையின் மூடியான வடிகால் அடைப்பை இறுக்குவதுதான் முதல் வேலை. அது இல்லாமல் இறங்கிய படகுக்குள் தண்ணீர் ஏறுவதைக் கரையிலிருந்து உடனே கண்டுகொள்ள முடியாது. பின்னர் படகின் பின்புறத்தை ரெயிலருடன் பிணைத்திருக்கும் பட்டிகளைக் கழற்றி, அணியத்திலும் (படகின் முன்முனை) பின்புறத்திலும் நீளமான கயிறுகளைக் கட்டி, சரிவை ஒட்டித் தண்ணீருக்குள் நீளும் படகு மேடையில் உரசாதபடி காற்றுப் பந்துகளைத் தொங்கவிட்டு, உயிர்காப்பு அங்கிகளை அணிந்துகொள்ளுங்கள். ரெயிலர் விளக்குகளின் இணைப்பையும் அங்கேயே கழற்றுங்கள். மோட்டார் சரிவில் இடிக்காத அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும்.

அணியத்தைப் பிடித்திருக்கும் வின்ச் (கையால் சுற்றி இழுக்கும் கருவி) பட்டியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் மட்டும் அங்கே தொடாதீர்கள். உருளைகள் பொருத்திய ரெயிலராக இருந்தால், அவை இரண்டும் அவிழ்ந்த படகு சரிவின் கொங்கிரீட் மீதே வழுக்கி விழக்கூடும். படகின் பின்புறம் தண்ணீரில் மிதக்கத் தொடங்கி, வாகனத்தின் கியர் 'பார்க்'கில் இருந்து, கைப்பிரேக்கும் இழுக்கப்பட்ட பின்னரே அவற்றை விடுவியுங்கள்.

என் கணவர் படகுக்குள் அமர்ந்தபடியே இறங்கி, தண்ணீர் போதுமான ஆழத்துக்கு வந்ததும் மோட்டாரைத் தாழ்த்தி இயக்கி, நான் பட்டியை விடுவித்தவுடன் பின்னோக்கி வெளியேறிவிடுவார். நான் ரெயிலரை மேலே கொண்டுசெல்வேன். கோடை வார இறுதிகளில் நமக்குப் பின்னால் வரிசையில் பலர் காத்திருப்பதால் இந்த வேகம் பயன்படும்.

பதில் 2: பழைய துடுப்பு

தம்பி, சகோதரி எழுதிய ஆயத்த முறை முழுவதும் சரி. ஆனால் படகுக்குள் ஒருவர் இருந்தபடி இறக்குவதைத் தொடக்கத்தில் நீங்கள் பின்பற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இயந்திரம் இயங்க மறுத்தால், கயிறு இல்லாத படகில் தனியாக மிதப்பவர் நீந்தத் தெரியாத ஒருவராக இருப்பார். சிம்கோ 700 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடைய ஏரி. காற்று எழுந்தால் அலையும் விரைவில் எழும். வசந்த காலத்தில் தண்ணீரின் குளிர் நன்றாக நீந்துபவரையே சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே உங்கள் மனைவி உயிர்காப்பு அங்கியுடன் மேடையில் நின்று, அணியக் கயிற்றைக் கையில் வைத்திருக்கட்டும். கயிற்றை ஒருபோதும் கையிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. மேடையில் கயிறு கட்டுவதற்காக உள்ள கொளுவியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால், படகின் இழுப்பை அந்தக் கொளுவியே தாங்கும். குறுக்குக் காற்று வீசும்போது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து மேடையில் நின்று பிடித்தால், படகு மேடையில் மோதாது. பின்புறக் கயிற்றையும் இழுத்துப் பிடித்தால் அது குறுக்காகத் திரும்பாது.

வாகனம் நகரும்போது ரெயிலருக்குப் பின்னால் எவரும் நிற்கக் கூடாது. உதவுபவர் எப்போதும் ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த கணமே வாகனம் நிற்க வேண்டும். இயந்திரச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்பதால், 'நில்', 'வா', 'இடம்', 'வலம்' ஆகியவற்றுக்குரிய கைச் சைகைகளை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். சரிவில் நிற்கும்போது ஒருவரையொருவர் கடிந்துகொள்ளும் தம்பதியரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்தும். அவர்களில் பெரும்பாலோர் இதை முன்கூட்டிப் பேசிக்கொள்ளாதவர்கள்.

பின்னோக்கிச் செலுத்துவதற்கு, ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். ரெயிலரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் போதும். ரெயிலர் குட்டையாக இருந்தால் அது மிக விரைவாகத் திரும்பிவிடும். எனவே சிறிது சிறிதாகத் திருத்துங்கள். ரெயிலர் வாகனத்துக்குக் குறுக்காக மடிந்துவிட்டால் முன்னோக்கி இழுத்து நேராக்கிவிட்டு மறுபடியும் தொடங்குவதே சரியான வழி. முதலில் வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில் பழகுங்கள். அதன் பிறகு வார நாள் மாலையொன்றில் ஏரிக்குச் செல்லுங்கள்.

ஸ்காபரோவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. மேடையில் நின்று பிடிக்கும் முறையையே பின்பற்றுவோம். மாலையில் படகை மீண்டும் ரெயிலரில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை எவை?

பதில் 3: வடகரை

ஏற்றும்போது பலரும் ரெயிலரை அளவுக்கு மிஞ்சி ஆழத்தில் இறக்கிவிடுகிறார்கள். அப்போது படகு தாங்கிப் பலகைகளின் மீது அமராமல் மிதந்து, காற்றுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பலகைகள் முழுவதும் ஒருமுறை நனைந்த பின்னர், அவற்றின் முன்பகுதியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வெளியே தெரியும் அளவுக்கு ரெயிலரை மேலே எடுத்து நிறுத்துங்கள். ரெயிலருக்கு ரெயிலர் இது சற்று மாறும். உங்களுக்குப் பொருந்திய ஆழத்தைக் கண்டறிந்ததும், பின்சில்லின் எந்த மட்டத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு ஒருவர் மேடையிலிருந்து பின்புறக் கயிற்றால் படகை நேராக வைத்திருக்க, மற்றவர் வின்சைச் சுற்ற வேண்டும். வின்ச் பட்டி இறுகியிருக்கும்போது அதன் நேர்கோட்டில் முகத்தை வைக்காதீர்கள். பட்டி அறுந்தாலோ கைப்பிடி திருப்பி அடித்தாலோ கடுமையான காயம் ஏற்படும். மோட்டாரின் வலுவால் படகை ரெயிலர் மீது ஏற்றுவதையும் தவிர்த்துவிடுங்கள். மோட்டாரின் சுழலி தள்ளும் நீரோட்டம் சரிவின் முடிவில் உள்ள மண்ணை அரித்துப் பள்ளமாக்கும். அடுத்து வருபவரின் ரெயிலர்ச் சில்லுகள் அந்தப் பள்ளத்தில் விழுந்து சிக்கிக்கொள்ளும்.

சரிவை விட்டு மேலே வந்ததும் வடிகால் அடைப்பைக் கழற்றுங்கள். ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1 முதல், படகைத் தரைவழியே கொண்டுசெல்வதற்கு முன்பு வடிகால் அடைப்புகளைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவதும், படகிலும் ரெயிலரிலும் ஒட்டியிருக்கும் நீர்த் தாவரங்களையும் உயிரினங்களையும் அகற்றுவதும் சட்டப்படி கட்டாயம். சிம்கோவில் சீப்ரா மட்டிகள் என்னும் அயல் சிப்பியினம் ஏற்கெனவே பரவியுள்ளது. அவற்றின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால், பிடித்த மீனை வைக்கும் படகின் மீன்தொட்டியில் தங்கிய சிறிதளவு தண்ணீருடனேயே இன்னோர் ஏரியைச் சென்றடைந்துவிடும். படகை மேற்பரப்பளவில் துடைத்துவிட்டு, தொட்டியில் தண்ணீருடன் புறப்படுபவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். மட்டி ஒருமுறை புகுந்த ஏரியிலிருந்து அதை அகற்ற வழியில்லை.

பின்புறப் பட்டிகளை மறுபடியும் கட்டி, விளக்கு இணைப்பைப் பொருத்தி, பிரேக் விளக்கு எரிகிறதா என்பதை மற்றவர் பின்னால் நின்று பார்த்துச் சொன்ன பிறகு வீதிக்கு ஏறுங்கள்.