ஓடும் காருக்குள் இரவுக் காட்சி: எந்த பேட்டரி எல்இடி லைட் சரியாக வரும்?

மலைப்பாதை:
வணக்கம். அடுத்த மாதம் ஒரு குறும்படம் எடுக்கிறோம். பாதிக் கதை வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையில், ராத்திரி நேரத்தில், காருக்குள் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டே போவதாக வருகிறது. ஜெனரேட்டர் வண்டிக்குப் பணம் இல்லை, பணம் இருந்தாலும் அந்த வளைவுகளில் அதை நிறுத்த இடம் கிடைக்காது. கேமரா சோனி எஃப்எக்ஸ்3. கடையில் கேட்டால் 60 வாட் லைட்டாவது வேண்டும் என்கிறார்கள். அதை வாங்கலாமா, சின்ன ட்யூப் லைட்டுகள் போதுமா?

லைட்மேன்_பழனி:
தம்பி, காருக்குள் 60 வாட் எதற்கு? முகத்துக்கும் லைட்டுக்கும் இடையில் இரண்டடிகூட இருக்காது. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும், பாதியானால் நாலு மடங்காகும், அதனால் பக்கத்தில் வைக்க முடிகிற இடத்தில் 5, 6 வாட்டே தாராளம். அதுவும் உங்கள் கேமராவில் இரண்டாவது பேஸ் ஐஎஸ்ஓ (படத்தில் புள்ளி அதிகம் வராமல் எடுக்கிற ஒளி உணர்வு அளவு) 12,800, அதில் எடுத்தால் லைட்டைக் குறைத்துக்கொண்டேதான் போவீர்கள். நான்லைட் பாவோட்யூப் 6சி மாதிரி உள்ளேயே பேட்டரி இருக்கிற சின்ன ட்யூப் இரண்டு வாங்குங்கள். ஒன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்பீடோமீட்டர் வெளிச்சம் தாடையில் படுகிற மாதிரி ஒட்டுங்கள், வெளிச்சம் மென்மையாக, மேலே ஒரு துண்டு பட்டர் பேப்பர். ஓட்டுகிறவர் கண்ணில் நேராக அடிக்கவே கூடாது, மலைப்பாதையில் அது உயிர் சமாச்சாரம்.

வாட்கணக்கு:
பேட்டரி வாங்கும்போது எம்ஏஹெச்சைப் பார்த்து ஏமாறாதீர்கள், வாட்-அவர், அதாவது மொத்தம் எவ்வளவு மின்சக்தி தரும் என்று பாருங்கள். 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-அவர்தான். வீடியோ லைட்டுகளில் போடுகிற 6,600 எம்ஏஹெச் எஃப்970 வகை பேட்டரி 7.4 வோல்ட், ஆக ஏறக்குறைய 49. எண்ணில் மூன்று மடங்கு வித்தியாசம் தெரிகிறது, உண்மையில் ஒன்றரை மடங்குதான். வாட்-அவரை லைட்டின் வாட்டால் வகுத்து, வர வேண்டிய நேரத்தில் கால் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். வி-மவுன்ட் என்கிற பெரிய பேட்டரி 99 வாட்-அவர் என்றால், அதில் 60 வாட் லைட்டை முழு வெளிச்சத்தில் எரித்தால் ஒன்றே கால் மணி நேரம். மலைக் குளிரில் இன்னும் சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைப் பையில் போடாமல் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேம்25:
கடையிலேயே ஃப்ளிக்கர், அதாவது லைட் கேமராவில் துடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லைட்டை 5 சதவீதத்துக்கு இறக்கி, கேமரா ஷட்டரை 1/1000 வினாடிக்கு ஏற்றுங்கள். திரையில் பட்டை பட்டையாக ஓடினால் அந்த லைட் வேண்டாம், ஏனென்றால் இந்த மாதிரிக் காட்சியில் நீங்கள் வேலை செய்யப்போவதே அந்தக் குறைந்த அளவில்தான்.

இன்னொன்று, எல்லா ஷாட்டையும் வண்டி ஓட ஓட எடுக்க வேண்டியதில்லை. குளோசப்பை இருட்டில் நிறுத்திய காரில் எடுங்கள். ஒருவர் காரை லேசாக ஆட்ட வேண்டும், இன்னொருவர் பகல் வெளிச்ச நிறத்தில் (5600 கெல்வின்) வைத்த பேனல் லைட்டை வெளியே நின்று முன்கண்ணாடியிலிருந்து பக்கக் கண்ணாடி வரை ஒரே வீச்சில் கொண்டுபோக வேண்டும். எதிரே ஒரு வண்டி கடந்து போனது போலவே முகத்தில் வெளிச்சம் நகரும். வேகம் ஒரே மாதிரி இருக்கக் கூடாது, லாரிக்கு மெதுவாக, பைக்குக்குச் சட்டென்று. அந்த நேரத்தில் நடிகர் லேசாகக் கண்ணைச் சுருக்கினால் யாருக்கும் சந்தேகமே வராது.

மலைப்பாதை:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். நிறுத்திய காரில் எடுக்கிற யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. வாடகைக்கு ஒரு பேனல், சொந்தமாக இரண்டு ட்யூப் என்று முடிவு செய்திருக்கிறோம். ட்யூப் முன்கண்ணாடியில் பிரதிபலிக்குமே, அதற்கு என்ன செய்வது?

லைட்மேன்_பழனி:
டாஷ்போர்டு முழுக்கக் கறுப்பு வெல்வெட் துணி விரித்துவிடுங்கள். ட்யூபில் முன்கண்ணாடியைப் பார்த்த பக்கத்தைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள், வெளிச்சம் முகத்துக்கு மட்டும் போகும். அதற்கும் அடங்காத பிரதிபலிப்பு இருந்தால் வெளியிலிருந்து எடுக்கும் ஷாட்டுக்கு லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கிற ஃபில்டர்) போட்டுத் திருப்பிப் பாருங்கள், ஆனால் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சம் போகும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.